இல்லாத ரயிலுக்கு அளவெடுத்தல்

சிறுதடம் – தொடர் கட்டுரை: 9

சிற்றளவு ரயில் மாதிரி செய்யும் வேலை அளவுநாடாவிலிருந்துதான் தொடங்குகிறது. மதுரைக்கு வடக்கே ஆனையூரை ஒட்டியிருக்கும் கூடல்நகர் நிலையத்தை மாதிரியாக்க வேண்டும் என்றால், நடைமேடையின் நீளத்தையும் கூரையின் சாய்வையும் இரு தடங்களுக்கு இடைப்பட்ட தொலைவையும் நேரில் அளந்தோ பழைய வரைபடங்களிலிருந்து எடுத்தோ, கிடைத்த ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் போதும் என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகள் விளக்கின. ஆனால் கதையில் மட்டுமே ஓடிய ரயிலை மாதிரியாக்க வேண்டும் என்று வரும்போது நாடாவின் மறுமுனையை எதன்மேல் பிடிப்பது என்ற கேள்வி எழுகிறது. உலகெங்கும் மாதிரி ரயில் செய்பவர்களை ஈர்த்துவரும் ஜப்பானியக் கற்பனை ரயில்களில் இரண்டை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுவது இவ்வாரப் பகுதியின் நோக்கம். அவற்றுள் ஒன்று விண்வெளியில் பறக்கும் நீராவி ரயில், மற்றொன்று கடலுக்குமேல் ஊர்ந்து செல்லும் சிறிய பயணி ரயில்.

அளவுவிகிதம் என்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தி அன்று. சிலை வடிப்பவர்கள் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என வைத்து, உத்தம தச தாலம், நவ தாலம் என்று உருவத்தின் முழு உயரத்தையும் அந்த அலகாலேயே வகுத்துக்கொள்வதால், கைப்பிடி அளவுள்ள செப்புத் திருமேனியும் ஆளுயரக் கற்சிலையும் ஒரே கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. நவராத்திரிக் கொலுவின் கணக்கு வேறு. மதுரையை அடுத்த விளாச்சேரியில் சுடப்படும் மண்பொம்மைகள் படியேறும்போது செட்டியார் பொம்மையைவிடப் பிள்ளையார் பெரிதாகவும், பிள்ளையாரைவிட அவர் ஏறிவரும் மூஞ்சூறு மிகச் சிறிதாகவும் இருப்பதில் யாரும் குறை காண்பதில்லை, ஏனெனில் அங்கே உருவத்தின் அளவை முடிவு செய்வது மரியாதை. படிக்குக் கீழே பாத்தி கட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அதைச் சுற்றிச் சாவி கொடுத்த ரயிலை ஓடவிடும் வழக்கமும் இந்தத் தாராளத்தைச் சேர்ந்ததே. மாதிரி ரயில் செய்பவரோ தாலக் கணக்கின் பக்கம் நிற்கிறார். 1:87 என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எஞ்சினும் பெட்டியும் மனிதரும் மரமும் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

கற்பனை ரயில்களுக்கும் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடிவதற்குக் காரணம், அவற்றுள் பெரும்பாலானவை முழுக் கற்பனை அல்ல என்பதே. ஹாரி பாட்டர் திரைப்படங்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற சிவப்பு எஞ்சின், 1937-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட 5972 எண்ணுள்ள 'ஓல்ட்டன் ஹால்' என்னும் உண்மையான எஞ்சின். ஆர்.கே. நாராயண் 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் படைத்த மால்குடிக்கு நிலவரைபடத்தில் இடம் இல்லை. ஆயினும் ஷங்கர் நாக் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கர்நாடகத்தின் அரசாளு நிலையம் மால்குடி நிலையமாக நின்றது, பிற்காலத்தில் அந்தப் பழைய நிலையக் கட்டடமே மால்குடி அருங்காட்சியகமாகவும் மாறியது. கதை ஓர் உண்மையான ரயிலின் உடலைக் கடன் வாங்குகிறது. மாதிரி செய்பவர் அந்தக் கடன் எங்கிருந்து பெறப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டால் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க இடம் கிடைத்துவிடும்.

ஜப்பானியர்கள் 'கின்கா டெட்சுடோ த்ரீ நைன்' என்று உச்சரிக்கும் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999', அதாவது பால்வெளி விரைவு ரயில் 999, இந்தத் தேடலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. லெய்ஜி மாட்சுமோட்டோ (1938–2023) வரைந்த இந்தப் படக்கதை 1977-இல் வார இதழ் ஒன்றில் தொடங்கியது. 1978 செப்டம்பர் முதல் 1981 மார்ச் வரை 113 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும், 1979-இல் ரின்டாரோ இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. தாயை இழந்த டெட்சுரோ என்னும் சிறுவன், சாகாத இயந்திர உடலை இலவசமாகப் பெறலாம் என்று கேள்விப்பட்டு, மேட்டெல் என்னும் மர்மப் பெண்ணின் துணையோடு அந்த ரயிலில் ஏறுகிறான். ஒவ்வொரு கோளும் ஒரு நிலையம். விண்கலங்கள் மலிந்த எதிர்காலத்தில் இந்த ஒரு வண்டி மட்டும் புகைபோக்கியோடும் இணைப்புத் தண்டுகளோடும் ஓடுகிறது. வெளித்தோற்றம் பழைய கரி எஞ்சின், உள்ளே மனித ஓட்டுநர் இல்லாத கணிப்பொறி.

கதையின் வேர் இன்னும் பின்னால் போகிறது. கென்ஜி மியாசாவா என்னும் கவிஞர் 1933-இல் மறைந்தபின் மறு ஆண்டில் அச்சான 'பால்வெளி ரயிலின் இரவு' என்னும் குறுநாவலில், இரண்டு சிறுவர்கள் விண்மீன்களுக்கு நடுவே ஓடும் ரயிலில் பயணம் செய்கிறார்கள். மியாசாவா வாழ்ந்த இவாட்டே வட்டாரத்தில் அன்று ஓடிய, வெறும் 762 மில்லிமீட்டர் அகலத் தடம் கொண்ட இவாட்டே சிறு ரயில்வேதான் அந்த ரயிலுக்கு முன்மாதிரி என்று பரவலாகக் கருதப்படுகிறது. அந்தத் தடம் பின்னர் அகலப்படுத்தப்பட்டு இன்று காமாயிஷி பாதையாக இருக்கிறது. 2014 முதல் 2023 வரை அதில் 'பால்வெளி' என்ற பெயரோடு ஒரு நீராவிச் சுற்றுலா ரயில் ஓடியது.

மாட்சுமோட்டோ மியாசாவாவின் எண்ணத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் எஞ்சினைத் தம் காலத்திலிருந்து எடுத்தார். கியூஷூ தீவில் வளர்ந்து, இளைஞராக நீராவி ரயிலேறி நெடுந்தொலைவு பயணம் செய்து டோக்கியோவுக்குப் பிழைக்க வந்தவர் அவர். தூத்துக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தகரப் பெட்டியோடு சென்னை எழும்பூருக்கு மீட்டர்கேஜ் வண்டியில் போய் இறங்கிய தலைமுறைக்கு அந்தப் பயணத்தின் புகையும் கரித்தூளும் விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல. ஜப்பானிய தேசிய ரயில்வேயின் கடைசி வழக்கமான நீராவிப் பயணி ரயில் ஓடியது 1975 டிசம்பரில், 999 படக்கதை தொடங்கியது 1977-இல். நாட்டின் தண்டவாளங்களிலிருந்து நீராவி மறைந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், அந்த எஞ்சின் வானத்துக்கு ஏற்றப்பட்டது. அந்த ரயில் வாசகர் மனத்தில் அவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு விண்வெளியைவிட இந்தக் காலப் பொருத்தமே பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

கடன் வாங்கப்பட்ட எஞ்சின் சி62 வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய எஞ்சின் பெயர்களில் முதலெழுத்து இயக்கு அச்சுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். இயக்கு அச்சு என்பது பிஸ்டனின் விசையைத் தண்டுகள் வழியாகப் பெற்றுச் சுழலும் சக்கரங்களைத் தாங்கும் அச்சு. 'சி' என்றால் மூன்று, 'டி' என்றால் நான்கு. அடுத்துவரும் எண் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், கரியையும் நீரையும் தனி வண்டியில் இழுத்துச்செல்லும் எஞ்சின் என்று பொருள். சி62-இல் முன்னே வழிகாட்ட நான்கு சிறு சக்கரங்கள், நடுவே 1,750 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறு இயக்குச் சக்கரங்கள், பின்னே அடுப்பின் எடையைத் தாங்க நான்கு சக்கரங்கள் என 4-6-4 அமைப்பு. இது 1948, 1949 ஆண்டுகளில் 49 எஞ்சின்களாக வெளிவந்தது. போருக்குப் பிந்தைய கட்டுப்பாடுகளால் புதிய எஞ்சின் கட்டுவது கடினமாக இருந்த சூழலில், போர்க்காலத்தில் சரக்கு இழுக்கக் கட்டப்பட்டு மிஞ்சிப்போன டி52 எஞ்சின்களின் பெரிய கொதிகலன்களைக் கழற்றி, சி59 வகையைப் பின்பற்றிய அடித்தளத்தின்மேல் ஏற்றிப் பயணி எஞ்சினாக்கினார்கள். இப்படிப் பிறந்த வகையின் 17-ஆம் எஞ்சின் 1954 டிசம்பர் 15 அன்று மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, குறுகிய தடத்து நீராவி எஞ்சின்களில் சாதனை படைத்தது. அது இன்று நகோயாவின் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கியோட்டோ அருங்காட்சியகத்தில் இருக்கும் 2-ஆம் எஞ்சின் இன்னும் நீராவி எழுப்பி ஓடக்கூடியது.

ஆக, சி62-க்கு அளவெடுக்க வரைபடமும் உண்டு, தொட்டுப் பார்க்க எஞ்சினும் உண்டு. அப்படியிருக்க 999-இன் மாதிரியைச் சாதாரண சி62 மாதிரியிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? முதலாவது, முகப்பில் இருக்கும் எண்பலகை. படக்கதையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் அந்த எஞ்சின் சி62 48. இது உண்மையில் இருந்த எஞ்சினின் எண். 1979 திரைப்படத்திலோ அது சி62 50. உண்மையில் கட்டப்பட்டவை 49 மட்டுமே என்பதால், கடைசி எஞ்சினுக்கு அடுத்த, ஒருபோதும் கட்டப்படாத எஞ்சினே திரையில் பறந்தது. கற்பனைக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள எல்லையை இதைவிடத் துல்லியமாகவும் மென்மையாகவும் வரைய முடியாது. மாதிரி செய்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவும் இதுதான். 48 என்று பொறித்தால் உண்மை எஞ்சின் 48-இன் நுணுக்கங்களுக்கு, அதன் முகப்பு விளக்குக்கும் ஏணிக்கும் குழாய்களுக்கும், அவர் கட்டுப்பட வேண்டியிருக்கும். 50 என்று பொறித்தால் வகைக்குப் பொதுவான அளவுகளை மட்டும் காத்துக்கொண்டு, மற்றவற்றைத் திரையில் கண்டபடி செய்யலாம். பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கப்படும் அந்தச் சிறு பலகை சில மில்லிமீட்டர் நீளந்தான், ஆனால் மாதிரியின் மற்ற எல்லா அளவுகளும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

அடுத்தது தடத்தின் அகலம். இத்தொடரின் வாசகர்களில் மதுரைப் பக்கத்தவர் தனி அக்கறையோடு கவனிக்க வேண்டிய இடம் இது. இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவைக் 'கேஜ்' என்கிறோம். உலகில் பரவலானது 1,435 மில்லிமீட்டர். இந்தியாவின் அகலப்பாதை 1,676, 1872-இல் திறந்த தன் முதல் ரயில் பாதைக்கு ஜப்பான் தேர்ந்தது 1,067. ஜப்பானியர் வீடுகளில் மிகுதியாக ஓடும் மாதிரி ரயில்கள் 'என்' கேஜ் எனப்படும் 9 மில்லிமீட்டர் தடத்தில் ஓடுபவை. 1965-இல் கடோ நிறுவனம் சி50 எஞ்சினை இந்த அளவில் வெளியிட்டதிலிருந்து அந்நாட்டில் இப்பழக்கம் வேரூன்றியது. அங்கே இதன் விகிதம் 1:150. ஒன்பதை நூற்றைம்பதால் பெருக்கினால் 1,350 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது 1,067-இல் ஓட வேண்டிய சி62, மாதிரியில் 283 மில்லிமீட்டர் கூடுதல் அகலமுள்ள தடத்தில் கால் பரப்பி நிற்கிறது. உண்மையான எஞ்சினின் கம்பீரம், குறுகிய தடத்தின்மேல் பெரிய கொதிகலன் ஏறி அமர்ந்திருப்பதில்தான் இருக்கிறது. தடம் அகன்றதும் அந்தக் கம்பீரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இந்திய அகலப்பாதை வண்டிகளை 1:87 விகிதத்தில் செய்து, எளிதில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தடத்தில் ஓடவிடுபவர்களுக்கு இதற்கு நேர் எதிரான குறை. அவர்களுடைய வண்டிக்கு வேண்டிய தடம் 19 மில்லிமீட்டருக்கும் மேல் என்பதால், பெரிய உடம்பு சிறிய பாதங்களில் நிற்பதுபோல் தோன்றும்.

ஜப்பானிய ரசிகர்களில் கண்டிப்பானவர்கள் இதற்குக் கண்டுகொண்ட வழி, 1:87 விகிதத்தில் எஞ்சினைச் செய்து 12 மில்லிமீட்டர் தடத்தில் ஓடவிடுவது. 1,067-ஐ 87-ஆல் வகுத்தால் 12.26. தவறு கால் மில்லிமீட்டர்தான். 1:87 விகிதத்தோடு 12 மில்லிமீட்டர் தடத்தைச் சேர்க்கும் இதே முறை, சுவிட்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளின் மீட்டர்கேஜ் மலை ரயில்களை மாதிரியாக்கவும் பயன்படுகிறது. மீட்டர்கேஜ் என்றால் 1,000 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 11.49, தவறு அரை மில்லிமீட்டர். மதுரைக்கு 1875-இல் வந்ததும் மீட்டர்கேஜ், மறு ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்குப் போனதும் மீட்டர்கேஜ். 1928-இல் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குத் திறக்கப்பட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதி வரை தாக்குப்பிடித்த போடி வண்டியின் தடமும் மீட்டர்கேஜ்தான். அந்தத் தடங்களில் பயணி வண்டிகளை இழுத்த ஒய்.பி. எஞ்சினையும் வானத்தில் பறந்த சி62-ஐயும் ஒரே விகிதத்தில் செய்து ஒரே 12 மில்லிமீட்டர் தடத்தில் நிறுத்தலாம், இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் பிழை இராது. ஆனையூர் வீட்டின் மேசையொன்றில் பால்வெளி விரைவு ரயில் வந்து நிற்கத் தகுந்த தடம், போடி வண்டிக்காகப் போட்ட தடமே. ஒய்.பி.யின் 4-6-2 அமைப்பில் பின்சக்கரம் ஓர் இணை குறைவு, இயக்குச் சக்கரங்களும் 1,372 மில்லிமீட்டர்தான். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும்போல் சாயல் தெரியும்.

விகிதம் முடிவானபின் கணக்கு எளிது. கரிவண்டியோடு சேர்த்து 21.475 மீட்டர் நீளமுள்ள சி62, 1:87-இல் 247 மில்லிமீட்டர். இருபது மீட்டர்ப் பயணிப் பெட்டி 230 மில்லிமீட்டர். எஞ்சினோடு ஐந்து பெட்டிகள் சேர்த்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுள்ள வண்டி. நீளத்தைவிட வளைவுதான் தொல்லை தருவது. உண்மையில் 300 மீட்டர் ஆரமுள்ள வளைவு, எந்த ரயில்வேயிலும் கூர்மையானதாகவே கருதப்படும் வளைவு, மாதிரியில் 3.45 மீட்டர் ஆரமாகிறது. அப்படி ஒரு வட்டம் போட வீட்டின் மாடி முழுவதும் தேவைப்படும். எனவே மாதிரி செய்பவர்கள் ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் தடத்தை வளைத்துவிட்டு, அதற்கு ஈடாக எஞ்சினில் சில விட்டுக்கொடுப்புகளைச் செய்கிறார்கள். நடு இயக்குச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் அசைய இடம் தருவது, சக்கர விளிம்பை உண்மையைவிடத் தடிமனாக்குவது, முன் சக்கரங்கள் திரும்பும்போது சிலிண்டரில் இடிக்காதபடி இடைவெளியைக் கூட்டுவது போன்றவை அவை. ஒரு விட்டுக்கொடுப்பைக்கூட ஏற்காதவர் எஞ்சினைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கலாம். ஓடாத ரயிலுக்கு அழகு உண்டா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும், இத்தொடரின் சார்பு ஓடும் ரயிலின் பக்கமே.

செய்முறையில் இரண்டு வழிகள் உள்ளன. பித்தளைத் தகடு, நெகிழித் தாள், முப்பரிமாண அச்சு ஆகியவற்றால் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்வது முதல் வழி. கடையில் கிடைக்கும் எஞ்சினையோ இரண்டு மூன்று எஞ்சின்களின் பாகங்களையோ வெட்டி ஒட்டி வேறொன்றாக்குவது இரண்டாம் வழி. இந்த இரண்டாவதைச் சிலர் தாழ்வாகக் கருதுவதுண்டு. ஒரு வகையின் கொதிகலனையும் இன்னொரு வகையின் அடித்தளத்தையும் சேர்த்துத்தான் உண்மையான சி62 பிறந்தது என்பதை நினைவில் வைத்தால் அந்த எண்ணம் நிற்காது. 999-இன் மாதிரிக்கு இந்த வழியே உகந்தது. சி62 ஒன்றை வாங்கி, எண்பலகையை மாற்றி, முகப்பில் 999 என்ற பெயர்ப்பலகையைப் பொருத்தி, ஓட்டுநர் அறையைப் பிரித்து, உள்ளே கடிகார முகப்புகளும் சிறு விளக்குகளும் நிறைந்த கணிப்பொறிச் சுவரை அமைக்க வேண்டும். விளக்குகளுக்கு மின்சாரம் 12 வோல்ட் நேர்மின்னோட்டமாகத் தண்டவாளத்திலிருந்தே சக்கரங்கள் வழியாக வருகிறது. சக்கரத்தில் தூசு படிந்தால் அறை விளக்கு விட்டுவிட்டு எரியும் என்பதால், நொடிப்பொழுது மின்சாரத்தைத் தேக்கித் தரும் மின்தேக்கி ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் ஒளித்துவைப்பது நல்லது.

நிறம் பூசுவதில் ஒரு கருத்து வேறுபாடு எழும். மாதிரி எஞ்சின்களுக்குக் கரித்தூள், துரு, எண்ணெய்க் கறை முதலியவற்றைச் சாயப்பொடியாலும் தெளிப்பானாலும் பூசிப் பழமையூட்டுவது நெடுநாள் மரபு. வெற்றிடத்தில் ஓடும் எஞ்சினில் தூசு எங்கிருந்து வரும் என்று கேட்டு, 999-ஐப் பளபளப்பான கறுப்பாகவே விட்டுவிடுபவர்கள் உண்டு. கதையில் அந்த ரயில் கோள்தோறும் இறங்கி நிற்கிறது, மணற்புயலிலும் மழையிலும் காத்திருக்கிறது. ஆதலால் சக்கரங்களிலும் படிகளிலும் வெவ்வேறு நிற மண் லேசாகப் படிந்திருப்பதே பொருத்தம். கதையை முழுக்கப் படித்த கை அது என்பதை அந்த மண் காட்டிக்கொடுக்கும்.

மனித உருவங்கள் 1:87-இல் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவானவை, அதாவது நெல்மணி இரண்டை நீளவாக்கில் வைத்த உயரம். விளாச்சேரியின் மண் அந்த நுண்மைக்கு இணங்காது. ஆனால் அவ்வூர்க் கைவினைஞர்கள் கண் திறக்கும் முறை, அதாவது பொம்மைக்கு முகத்தின் மற்றெல்லா வண்ணமும் காய்ந்தபின் கடைசியாகக் கண்ணை எழுதும் முறை, இங்கே அப்படியே உதவும். 999-இன் நடத்துநருக்கு முகமே கிடையாது, தொப்பிக்கும் சட்டைக் கழுத்துப்பட்டைக்கும் நடுவே இருளும் இரண்டு மஞ்சள் ஒளிப்புள்ளிகளும்தான். அந்த இரண்டு புள்ளிகளைச் சரியான இடைவெளியில் வைத்துவிட்டால் உருவம் உயிர் பெற்றுவிடும்.

இந்த ரயிலின் புகழ்பெற்ற காட்சி, பெருநகர நிலையத்திலிருந்து மேல்நோக்கி வளைந்து வெறும் வானத்தில் முடிந்துவிடும் தடத்தின்மேல் அது ஏறிப் புறப்படுவது. மாதிரியில் இது எளிதன்று. பல்சக்கரம் இல்லாத மாதிரி எஞ்சின், பெட்டிகளோடு நூற்றுக்கு நான்கு ஏற்றத்தை ஏறினாலே பெரிது. நீலகிரி மலை ரயில்கூடப் பல்சக்கரத்தின் துணையோடுதான் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தை ஏறுகிறது. எஞ்சினைக் கம்பியால் அந்தரத்தில் நிறுத்திக் காட்டுபவர்கள் உண்டு, அது விளம்பரப் பலகைபோல் ஆகிவிடுகிறது. வண்டி இன்னும் சமதளத்தில் நிற்க, அதன் மூக்குக்கு முன்னால் தண்டவாளம் மேலே வளையத் தொடங்கி முடிவில்லாமல் நிற்பதுபோல் அமைத்தால், பறக்கும் வேலையைப் பார்ப்பவர் மனமே செய்துகொள்ளும்.

இரண்டாவது ரயிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருந்தாலும், செய்துபார்க்க அதுவே நெஞ்சுக்கு நெருக்கமானது. ஹயாவோ மியாசாகியின் 2001-ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ஸ்பிரிட்டட் அவே'யில், மழை பெய்து சமவெளி கடலாகிவிட்டபின், நீருக்குள் மூழ்கிய தண்டவாளத்தின்மேல் சிறிய ரயில் ஒன்று ஓடுகிறது. உள்ளே நிழல்போல் கறுத்து ஒளி ஊடுருவும் பயணிகள். இங்கே எஞ்சினின் வகையோ எண்ணோ கிடையாது, அளவெடுக்க வேண்டியது நிலத்தை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் கரை ததும்பி, வயலும் வரப்பும் நீருக்குள் மறைந்து, ரயில் பாதையின் மேடு மட்டும் தெரியும் நாட்களைக் கண்டவர்களுக்கு அந்த நிலம் புதிதன்று. கடலின்மேல் ரயிலும் புதிதன்று. 1914-இல் திறக்கப்பட்டு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீண்டு 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் அன்றும், 2025 ஏப்ரலில் அதன் அருகே திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இன்றும் ராமேசுவரம் வண்டியின் சன்னலோரத்தில் அமர்ந்தால், தூணும் கரையும் பார்வையிலிருந்து விலகி, நீரே தரையானதுபோல் தோன்றும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடிப் பயணி ரயிலைக் கடல் கொண்டுபோனதை அறிந்தவர் எவரும் அந்த அழகை முழு நிம்மதியோடு பார்ப்பதில்லை. மியாசாகியின் ரயிலிலும் அதே அமைதியும் அதே கலக்கமும் இருக்கின்றன.

மாதிரியில் நீரை உருவாக்குவது, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகிக் கண்ணாடிபோல் ஆகும் பிசினால். இங்கேதான் சிக்கல். தண்டவாளம் நீருக்குள் இருக்க வேண்டும், ஆனால் மின்சாரம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து சக்கரத்துக்கு ஏற வேண்டும், ஒரு மெல்லிய பிசின் படலம் மூடினாலும் ரயில் நின்றுவிடும். தீர்வு, தண்டவாளத்தின் தலைக்கு ஒரு மயிரிழை கீழே பிசினை நிறுத்திவிட்டு, கீழே உள்ள கட்டைகளுக்கும் சரளைக்கல்லுக்கும் ஆழத்தைக் காட்டும் கரும்பச்சை வண்ணம் தீட்டுவது. தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது தண்டவாளத் தலை நீரின் மினுக்கோடு கலந்துவிடும். மின்கலத்தை வண்டிக்குள் வைத்துக் கம்பியில்லாமல் இயக்கினால் தண்டவாளத்தை முழுதாக மூழ்கடிக்கலாம், ஆனால் அந்தச் சிறு பெட்டிக்குள் மின்கலத்தை வைத்தால் நிழல் பயணிகளுக்கு இடம் இராது. அவர்களை நிறமேற்றிய அதே பிசினில் வார்த்து, வெளிச்சம் உள்ளே போய் வெளியே வரும்படி அமர்த்துவதே அந்த ரயிலின் உயிர் என்பதால், முதல் வழியே சிறந்தது.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் அந்த ரயில் திரும்பி வந்துகொண்டிருந்தது, இப்போது போவது மட்டும்தான் என்று படத்தில் கொதிகலன் அறைக் கிழவர் சொல்கிறார். வீட்டு மாதிரிகளில் வழக்கமாகப் போடப்படும் வட்டத் தடம், இந்த ஒரு வாக்கியத்தால் பொருந்தாமல் போய்விடுகிறது, வட்டத்தில் ஓடும் வண்டி பார்ப்பவர் கண்முன்னே திரும்பி வருகிறது அல்லவா? ஆகவே மேசையின் முன்பாதியில் நேர்த்தடமும் கடலும் மட்டும் இருக்க, இரண்டு ஓரங்களிலும் கொலுப் படியின் பக்கங்களை மறைப்பதுபோல் துணி தொங்கவிட்டு, வளைவுகளையும் திரும்பும் தடத்தையும் வானம் தீட்டிய பின்திரைக்குப் பின்னால் ஒளித்துவிட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் 1:87-இல் நொடிக்கு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நகரும். கடலின் நீளம் 2.5 மீட்டர் என்றால், இடப்பக்கத் துணியிலிருந்து வெளிப்பட்ட வண்டி வலப்பக்கத் துணிக்குள் மறைய 20 நொடிக்குச் சற்றுக் குறைவாகும். பின்திரைக்குப் பின்னால் ஒரு தானியங்கி விசை அதை அடுத்த ஐந்து நிமிடங்களுக்கு நிறுத்திவைக்கும். அந்த ஐந்து நிமிடமும் மேடையில் இருப்பது வெறும் நீரும், அதில் நடுநடுவே தெரியும் தண்டவாளத்தின் இரண்டு கோடுகளும் மட்டுமே.